வயதான நாயும் மூட்டு வலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு நாய்கள் 12, 13 வயது வரை வாழ்வது இன்று சாதாரணமாகிவிட்டது. அந்த வயதை எட்டும் நாய்களில் பலவற்றுக்கு மூட்டு வலியும் உடன் வருகிறது. நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. மருந்தின் அளவை உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கே வரும் ஒன்றிரண்டு கணக்குகள் ஆபத்தைப் புரியவைப்பதற்கு மட்டுமே.

எங்கள் நாய் கத்துவதில்லை, முனகுவதும் இல்லை. வலி இருக்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாள்பட்ட வலியில் நாய் கத்துவது அபூர்வம். வலிக்காத விதமாகத் தன் வழக்கங்களை மாற்றிக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த மாற்றத்தைத்தான்.

காலையில் அது எழுவதைக் கவனியுங்கள். முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை முன்னால் இழுத்துக்கொண்டு, பின்புறத்தைச் சற்றுத் தாமதித்துத் தூக்குகிறதா? எழுந்ததும் விறைப்பாக நாலைந்து எட்டு வைத்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் போகிறதா? கார் கதவைத் திறந்தவுடன் தாவி ஏறிய நாய், இப்போது முன்னங்கால்களை மட்டும் வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயலைப்போல் தாவுகிறதா? சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்கிக்கொண்டிருந்த ஆண் நாய் இப்போது நின்றபடியே கழிக்கிறதா? இவையெல்லாம் வலியின் அறிகுறிகளாக இருக்கலாம்.

கையால் பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. நாயை நிற்க வைத்து, பின்னால் இருந்து இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சதை வற்றியிருந்தால், அந்தக் காலில் எடையைப் போடாமல் பல வாரங்களாக ஏமாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். முன்னங்காலில் வலி என்றால் தலை காட்டிக்கொடுக்கும்: வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும்.

குழந்தைகள் இடுப்பைத் தொட்டால் புதிதாக உறுமுகிற நாயை "வயதானதும் குணம் மாறிவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் மூட்டைப் பாருங்கள்.

வயதானால் இப்படித்தானே இருக்கும்?

இந்த ஒரு வாக்கியத்தால் நாய்கள் வருடக்கணக்கில் வலியோடு வாழ்கின்றன. வயதானால் வேகம் குறையும், தூக்கம் கூடும், உண்மைதான். எழுந்திருக்கத் திணறுவது அந்தக் கணக்கில் வராது. மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டுக்குள் இருக்கும் திரவம் தன் தன்மையை இழக்கிறது. மூட்டைச் சுற்றிய உறை அழற்சியால் தடிக்கிறது. ஓரங்களில் புது எலும்பு முளைக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்த்துத் தரும் மருந்து கிடையாது. வலியை வெகுவாகக் குறைக்க வழிகள் நிறைய இருக்கின்றன.

எந்த இன நாய்களுக்கு அதிகம் வரும்? நாட்டு நாய்களுக்கு வருமா?

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் ஆகிய பெரிய இனங்களில் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை பரம்பரையாக வருகிறது. பொருந்தாத மூட்டு சீக்கிரம் தேயும். பக், பொமரேனியன் போன்ற சிறிய நாய்களில் முழங்கால் சில்லு இடம் நழுவுவது ஒரு காரணம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வகைகள் ஒல்லியான உடம்போடு வளர்வதால் அவற்றின் மூட்டுகள் மீது விழும் சுமை குறைவு. ஆனாலும் வயது, பழைய அடி, வண்டி மோதி உடைந்த கால் ஆகியவற்றிலிருந்து எந்த நாயும் தப்புவதில்லை. தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த நாட்டு நாய் 5 வயதிலேயே நொண்டினால், சின்ன வயதில் எலும்பு முறிந்து தானாகக் கூடியிருக்க வாய்ப்புண்டு. எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

நொண்டினாலே மூட்டுத் தேய்மானம்தானா?

இல்லை. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலை. உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா போன்ற கிருமிகள் பல மூட்டுகளை ஒரே சமயத்தில் வீங்கவைக்கும். நாய் இன்று ஒரு காலையும் நாளை மறு காலையும் தூக்கும், சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும். ரத்தப் பரிசோதனை செய்து உரிய ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். இதை "வயசாகிவிட்டது" என்று விட்டால் நாயையே இழக்க நேரிடும்.

விளையாடிக்கொண்டிருந்தபோது திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். பெரிய இன நாய்க்கு மணிக்கட்டுக்கு மேலேயோ முழங்காலுக்கு அருகிலோ கெட்டியான வீக்கம் வந்து, நொண்டல் வாராவாரம் மோசமானால், எலும்புப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பாதத்தின் மேற்புறம் தரையில் இழுபடுவது, பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது ஆகியவை நரம்பு அல்லது தண்டுவடக் கோளாறைக் காட்டுபவை. பின்னங்கால்கள் திடீரென்று முழுவதுமாகச் செயலிழந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அது அவசர நிலை.

மருத்துவரிடம் போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

கைபேசியில் எடுத்த வீடியோ. மருத்துவமனை வாசலை மிதித்ததும் பயத்திலும் பரபரப்பிலும் நாய் நன்றாக நடந்து காட்டி உங்களைப் பொய்யராக்கிவிடும். வீட்டில் தூங்கி எழும் காட்சி, பக்கவாட்டில் நடக்கும் காட்சி, படியேறும் காட்சி என்று மூன்று சிறு துண்டுகள் போதும். கொடுத்துவரும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சித்த மருந்தும் டானிக்கும் அதில் சேர்த்தி.

பெரிய பரிசோதனைகள் தேவைப்பட்டால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் உள்ள கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. கால் பங்கும் கூடாது.

இப்யூபுரூஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சென் ஆகியவை நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபினாக் சேர்ந்த மாத்திரை இல்லாத மருந்துப் பெட்டி நம் வீடுகளில் குறைவு. நாய்க்கு அது இரட்டை ஆபத்து. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கப் போதும்.

"மெலாக்சிகாம் நாய்க்கும் கொடுக்கும் மருந்துதானே, அப்பாவின் மாத்திரை இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடர்ந்து கொடுக்கும்போது நாய்க்கு வழக்கமாக எழுதப்படும் அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு அது அரை மில்லிகிராம். மனிதருக்கான மாத்திரை 15 மில்லிகிராம். அதாவது ஒரே வாயில் 30 நாள் மருந்து.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாகச் செத்ததால், 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023இல் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு அந்தத் தடை உயிர்க்காப்பு. மருந்துக் கடையில் யாராவது "மாட்டுக்குப் போடுவதுதான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடாதா?

பயம் நியாயமானது. அந்தப் பயத்தில் மருந்தையே நிறுத்திவிட்டு நாயை வலியில் விடுவது நியாயமில்லை. கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் ஆகியவை நாய்களுக்காகச் சோதிக்கப்பட்டவை. தொடங்குமுன் கல்லீரல், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை; பிறகு சில வாரங்களில் ஒருமுறை; அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். இந்த ஒழுங்கோடு பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் இவற்றை எடுத்துக்கொள்கின்றன. உணவோடு கொடுங்கள். வாந்தி, பேதி, தார்போன்ற கறுப்பு மலம், தீனியில் வெறுப்பு, வழக்கத்தைவிட அதிகத் தாகம், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

வலி மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாத நாய்களுக்கும், ஒரு மருந்து போதாத நாய்களுக்கும் கபாபென்டின் சேர்ப்பதுண்டு. மனிதருக்கான சில கபாபென்டின் திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் கலந்திருக்கும். நாய்க்கு அது நஞ்சு. மாத்திரையாகவே வாங்குங்கள்.

ஓர் ஊசி போட்டார்கள், மறுநாளே குட்டிபோல ஓடியது. மாதாமாதம் அதையே போட்டுக்கொள்ளலாமா?

என்ன ஊசி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரே நாளில் அதிசயம் காட்டும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். அதற்கென்று இடம் உண்டு. ஆனால் மாதாமாதம் போட்டால் பசியும் எடையும் கூடும், தசை கரையும், மூட்டுக்கு இரட்டை நஷ்டம். மேலே சொன்ன வலி மருந்துகளையும் ஸ்டீராய்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இரைப்பை ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும் நடுவில் சில நாள் இடைவெளி வேண்டும். மருத்துவரை மாற்றுகிறவர்கள் பழைய சீட்டைக் காட்டாமல் மறைப்பதால்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது.

ஒரே ஒரு காரியம் செய்யலாம் என்றால் எதைச் செய்வது?

எடையைக் குறையுங்கள். வேறு எந்தப் பதிலையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்த ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. ஒரே ஈற்றுக் குட்டிகளை இணைகளாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்த தீனியைவிட 25 விழுக்காடு குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்ற கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றதற்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானத்துக்கு நீண்டகால மருத்துவம் தேவைப்பட்ட வயதும் ஏறக்குறைய 3 ஆண்டுகள் தள்ளிப்போனது. 3 ஆண்டு வலியில்லாத வாழ்க்கை தரும் மாத்திரை இருந்தால் என்ன விலை கொடுத்தும் வாங்குவோம். ஏற்கெனவே நொண்டும் குண்டு நாய்களில் உடல் எடையில் 6 விழுக்காடு குறைந்தபோதே நடை தேறியதாக இன்னோர் ஆய்வு காட்டியது. 35 கிலோ நாய்க்கு அது 2 கிலோ சொச்சம்தான்.

உங்கள் நாய் குண்டா என்று தெரிய எடைக்கருவி வேண்டாம். உங்கள் இடது கையை மூடி விரல் முட்டிகளைத் தடவுங்கள்: விலா எலும்பு அப்படித் துருத்தியிருந்தால் நாய் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள்: அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கையைப்போல் மெத்தென்று இருந்து எலும்பைத் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம்.

குறைப்பது எப்படி? வேளைச் சோற்றைக் குறைக்குமுன் பிஸ்கட்டைக் குறையுங்கள். ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. காலைக் காப்பியோடு தாத்தா இரண்டு, மாலையில் பிள்ளைகள் மூன்று, இரவில் நீங்கள் ஒன்று என்றால் 150 கலோரி. அதிகம் ஓடியாடாத 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையே ஏறக்குறைய 1,000 கலோரிதான். இதோடு நெய் விட்ட தயிர் சாதம், இட்லி மிச்சம், கோழித் தோல். யார் என்ன கொடுத்தார்கள் என்று குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் சண்டை வரும், உண்மையும் வரும். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு, வேகவைத்த பீன்ஸ், கேரட் கொடுக்கலாம். பெரும்பாலான நாய்களுக்குக் கொடுக்கும் கைதான் முக்கியம், பொருள் அவ்வளவு முக்கியமில்லை. வெங்காயமும் திராட்சையும் மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு பலப்படுமா?

மூட்டைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொழுப்பு மிதக்கும் சூப் கணைய அழற்சியைக் கிளப்பலாம். வெங்காயம், மசாலா இல்லாமல், கொழுப்பை எடுத்துவிட்டு, சோற்றில் மணத்துக்காகக் கொஞ்சம் ஊற்றினால் தப்பில்லை. வெந்த எலும்பைக் கொடுக்காதீர்கள். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மஞ்சள் தூளும் இதே வகைதான்: அதிலுள்ள குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. சிட்டிகை மஞ்சளால் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை.

மீன் எண்ணெய், குளுக்கோசமைன்?

மீன் எண்ணெய்க்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் மாத்திரைப் புட்டியின் முன்பக்கத்தைப் படிக்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும், பின்னால் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். இந்த இரண்டும் ஒமேகா-3 கொழுப்புகள்; வேலை செய்வது அந்த 300 மட்டுமே. மருத்துவர் சொல்லும் அளவை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்ணெய்க்கும் கலோரி உண்டு என்பதால் தீனியில் அதைக் கழித்துவிடுங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், அளவு மீறினால் தீங்கு.

குளுக்கோசமைனைப் பற்றிய ஆய்வு முடிவுகள் பலவீனமானவை. பணம் குறைவு என்றால் அதை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுவேன்.

வீட்டில் எதை மாற்ற வேண்டும்?

தரையை. வழவழப்பான டைல்ஸும் கிரானைட்டும் மூட்டு வலி நாய்க்கு எதிரிகள். கால் வழுக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு மூட்டு விலகி இழுபடுகிறது. பயந்த நாய் நடப்பதையே குறைக்கிறது. நடக்காத காலில் சதை வற்றுகிறது. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு, அங்கிருந்து வாசலுக்கு என்று அது போகும் வழியில் மட்டும் அடியில் ரப்பர் உள்ள மிதியடிகளையோ யோகா பாய்களையோ விரியுங்கள். விலையுயர்ந்த கம்பளம் வேண்டாம். தேங்காய் நார்ப் பாயும் கோணியும் போதும், ஓரங்கள் மடங்காமல் இருந்தால் சரி.

நகங்களை வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் பாதத்தைத் தரையில் பதியவிடாது. பாதத் திண்டுகளுக்கு இடையே வளரும் முடியையும் கத்தரியுங்கள். படுக்கை, நாய் படுத்தால் தரை தட்டாத அளவு தடிமனான ஃபோமாக இருக்கட்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தை கட்டி தட்டியிருக்கும். மாடிப்படிக்குக் குறுக்கே கதவு போடுங்கள்.

நடத்த வேண்டுமா, ஓய்வு கொடுக்க வேண்டுமா?

நடத்த வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, தினமும். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மற்ற ஆறு நாளும் பால்கனியில் கட்டிவைப்பதுதான் மிக மோசமான ஏற்பாடு. 10 நிமிடமாக மூன்று முறை, கயிற்றில் பிடித்தபடி, ஒரே சீரான நடை. மறுநாள் காலையில் விறைப்பு கூடியிருந்தால் தூரத்தைக் குறையுங்கள். பந்தெறிவதை விட்டுவிடுங்கள், திடீரென்று நின்று திரும்பும் அந்த ஓட்டம்தான் மூட்டை வதைக்கிறது. கோடையில் விடியலிலும் இருட்டிய பிறகும் மட்டும் நடத்துங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழெட்டு நொடி வைக்க முடியவில்லை என்றால் அது நாயின் பாதத்துக்கும் சூடுதான்.

நீச்சல் நல்லது, நாய்க்குப் பழக்கமும் விருப்பமும் இருந்து, ஏறி இறங்கச் சரிவும் இருந்தால். கிணற்றிலோ அலையிலோ இறக்கிவிடுவது வேண்டாம்.

மார்கழியில் அதிகமாக நொண்டுகிறது. ஒத்தடம் கொடுக்கலாமா? தைலம்?

குளிர்ந்த தரையில் படுக்கும் நாய்க்கு விறைப்பு கூடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், குளிர்சாதனக் காற்று நேராக விழும் இடத்தை மாற்றுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் 10, 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். புதிதாக அடிபட்டு வீங்கிய மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் ஆகாது.

தைலம் கூடாது. நாய் நக்கும். கற்பூரமும் வலித் தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட்டும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. டைக்ளோஃபினாக் ஜெல்லும் அப்படியே. உங்கள் முழங்காலில் நீங்கள் தடவிக்கொண்ட ஜெல்லை நாய் நக்கினாலும் அதே கதைதான்.

மாதம் ஓர் ஊசி வந்திருக்கிறதாமே?

பெடின்வெட்மாப் என்ற மருந்தைச் சொல்கிறீர்கள். லிப்ரெலா என்ற பெயரில் விற்கப்படுகிறது. வலியைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தைப் பிடித்து அடக்கும் எதிர்ப்பொருள் அது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி கிடைத்தது. பல நாய்களுக்கு நன்றாகவே பயன் தருகிறது. நடைத் தள்ளாட்டம், வலிப்பு போன்ற பாதிப்புகள் பதிவானதால் 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நரம்புக் கோளாறு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு பேச வேண்டிய மருந்து.

எங்கள் நாயால் தானாக எழவே முடியவில்லை. 32 கிலோ, தூக்கவும் முடியவில்லை.

தடித்த குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து, தொடைகளுக்குச் சற்று முன்னால் வயிற்றுக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடியுங்கள். ஆண் நாயாக இருந்தால் சிறுநீர் வழியை மறைக்காமல் துண்டைக் குறுக்கி மடியுங்கள். முழு எடையையும் தூக்க வேண்டாம். முன்னங்கால்கள் தாமாக நடக்கும், பின்புறத்துக்குத் துணை மட்டும் கொடுங்கள். படுத்தே கிடந்தால் சில மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். இடுப்பு, முழங்கை எலும்புகளில் தோல் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிறுநீரில் நனைந்த முடியை உடனே கழுவித் துடையுங்கள். நம் வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைக்க ஒரு நாள் போதும்.

எப்போது போதும் என்று முடிவெடுப்பது?

உணவை மறுக்கிறதா, மருந்து கொடுத்தும் இரவில் தூங்காமல் மூச்சிரைக்கிறதா, தன் கழிவிலேயே கிடக்கிறதா, உங்களைக் கண்டால் வால் அசைவதும் நின்றுவிட்டதா? நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு குறியும் கெட்ட நாளுக்கு ஒரு குறியும் போட்டுவாருங்கள். கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அளவு கூடிய மயக்க மருந்தால் உறக்கத்திலேயே உயிர் பிரியும்படி செய்வது வலியற்ற முறை. தானாகப் போகட்டும் என்று காத்திருப்பது பல நேரங்களில் நம் மனச்சங்கடத்துக்கான ஏற்பாடுதான். நாய்க்கு அதனால் லாபமில்லை. நான் இதில் கறாராகத்தான் பேசுவேன்.

அடுத்து ஒரு லாப்ரடார் குட்டி வாங்கப் போகிறோம். இப்போதே ஏதாவது செய்யலாமா?

தாய் தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். கொழுகொழுவென்று வளர்க்க ஆசைப்படாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே விற்கப்படும் தீனி கொடுத்தால், கூடவே கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். அளவுக்கு மிஞ்சிய கால்சியம் பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் மருந்துக் கடையில் குட்டியைக் காட்டினால் முதலில் கையில் தருவது அந்தப் புட்டியைத்தான்.